எப்ப விடுவினம்?

எங்கள் தொழிலில் பெயர் சொல்வது கட்டாயமில்லை. தொலைபேசி அடித்ததும் "தமிழ் மொழிபெயர்ப்பாளர்" என்று சொல்லி என் இலக்கத்தைச் சொல்வேன். மறுமுனையில் இருக்கிற தாதியோ அதிகாரியோ தன் முதற்பெயரை மட்டும் சொல்வார். பிறகு, தன்னோடு இருப்பவர் யார் என்பதற்கு மூன்று ஆங்கில எழுத்தையும் ஓர் எண்ணையும் வாசிப்பார். எழுத்துகள் அந்த ஆள் வந்த படகுக்கு வைத்த குறி. எண், அந்தப் படகில் அவருக்குக் கிடைத்த வரிசை. சில நேரம் நாற்பது நிமிடம் கதைத்து முடிந்த பிறகும் அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. அவர் எந்த வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார், எந்த முகாமில் எத்தனை நாள் கட்டி வைத்து அடித்தார்கள், இரவில் எத்தனை தரம் எழும்புகிறார் என்பதெல்லாம் தெரியும்.

குளிர்காலத்தில் மெல்போர்னில் காலை எட்டு மணி என்றால், படகில் வந்தவர்களை அடைத்து வைத்த நவுறுத் தீவில் பத்து. பத்து மணிக்கு அங்கே கிளினிக்கில் வரிசை நீண்டிருக்கும். என் வீட்டுப் பின்னறையில் கதவைச் சாத்திவிட்டு, ஒரு கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு உட்காருவேன். கொப்பியில் எழுதியதை அழைப்பு முடிந்தவுடன் கிழித்துப் போட வேண்டும். அது விதி. ஆகவே இங்கே நான் எழுதுவதில் ஆள், ஊர், நாள் எதையும் பிரித்தறிய முடியாது. பல பேரின் சொற்கள் ஒருவர் வாயில் வரும். சொற்கள் மட்டும் நான் கேட்டவை.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவள். தொண்ணூறுகளில் இந்த நாட்டுக்கு விமானத்தில், விசாவோடு வந்தேன். அந்த ஒரு வித்தியாசத்தைத் தவிர மறுமுனையில் இருந்தவர்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. அவர்கள் ஓடிய அதே ஒழுங்கைகளில்தான் நானும் ஓடினேன்.

இந்தத் தொழிலின் முதல் விதி, தன்மையில் பேசுவது. அவர் "எனக்கு நித்திரை இல்லை" என்றால் நான் ஆங்கிலத்தில் "அவருக்கு நித்திரை இல்லையாம்" என்று சொல்லக் கூடாது. "எனக்கு" என்றே சொல்ல வேண்டும். அதிகாரி "இதற்கு என்னிடம் பதில் இல்லை" என்றால் நானும் தமிழில் "என்னட்டை இதுக்குப் பதில் இல்லை" என்றே சொல்ல வேண்டும். பரீட்சைக்குப் படித்தபோது இது வெறும் இலக்கணமாகத்தான் தெரிந்தது. வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கியது: அவருடைய காதில் "இல்லை" என்று சொல்வது ஒரு வடமராட்சிப் பெண்ணின் குரல். மறுப்பு முழுவதும் அவருக்குத் தாய்மொழியில், என் வாயால்தான் போய்ச் சேர்ந்தது.

கடல் கடந்த தடுப்பு முகாம் என்பது 2001-இல் தொடங்கியது. டம்பா என்ற நோர்வேக் கப்பல் கடலில் மூழ்க இருந்த 433 பேரைக் காப்பாற்றிக் கொண்டுவர, அவர்களை அவுஸ்திரேலிய மண்ணில் இறக்க மாட்டோம் என்றது அன்றைய அரசு. 21 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள நவுறுவிலும், பப்புவா நியூகினியின் மனுஸ் தீவிலும் முகாம்கள் எழும்பின. 2008-இல் மூடினார்கள். 2012-இல் மறுபடி திறந்தார்கள். அந்த வருடம் செப்டெம்பர் நடுப்பகுதியில், மறுபடி திறந்த நவுறுவுக்கு முதலாவதாகக் கொண்டுபோன முப்பது பேரும் இலங்கையிலிருந்து வந்த ஆண்கள். பொஸ்பேட் தோண்டி எடுத்து முடித்த மேட்டுநிலத்தில், வெயிலில், கூடாரம். எங்கள் தொலைபேசிகள் அந்த மாதத்திலிருந்துதான் அந்தத் தீவுக்கு அடிக்கத் தொடங்கின.

நான் தொலைபேசி வேலைக்கு வருமுன்னர் கொஞ்சக் காலம் அவுஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவில் நேரில் நின்று வேலை செய்தேன். 2013 ஜூலை 19 அன்று, படகில் வரும் எவரும் இனி ஒருநாளும் அவுஸ்திரேலியாவில் குடியமர்த்தப்பட மாட்டார்கள் என்று பிரதமர் கெவின் ரட் அறிவித்தார். அதற்குப் பிறகு வந்திறங்கியவர்களுக்கு அந்தச் செய்தியை அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். ஒரு சின்ன அறை, நீளமான மேசை, தண்ணீர்ப் போத்தல்கள். எதிரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மனைவி, பதினைந்து வயதளவில் ஒரு மகள். மூன்று பேருக்கும் கடல் வெயிலில் முகம் தோலுரிந்திருந்தது. அதிகாரி ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். நான் ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன். "நீங்கள் வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோகப்படுவீர்கள். உங்கள் கோரிக்கை அங்கே பார்க்கப்படும். நீங்கள் அகதி என்று முடிவானாலும் அவுஸ்திரேலியாவில் குடியமர்த்தப்பட மாட்டீர்கள்."

அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீங்கள் தமிழ்தானே? அவர் வாசிக்கிறது கிடக்கட்டும். நீங்கள் சொல்லுங்கோ. எங்களை எங்க கொண்டு போகினம்?"

நான் அவருக்குப் பதில் சொல்லக் கூடாது. அந்தக் கேள்வியையும் ஆங்கிலத்தில் அதிகாரியிடம் சொல்ல வேண்டும், தன்மையில், ஒரு சொல்லும் விடாமல். சொன்னேன். ஆங்கிலத்தில் அதில் இருந்த எதுவும் மிஞ்சவில்லை. "பிள்ளை"க்கு அங்கே சொல் இல்லை. அதிகாரி ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, தாளில் இருந்த அதே வசனத்தை மறுபடி வாசித்தார். நானும் மறுபடி சொன்னேன். மனைவி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மகளிடம் கொடுத்தார். அந்த மனிதர் அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு விதியைக் காப்பாற்றியது சரிதான். மொழிபெயர்ப்பாளர் தன் பாட்டுக்கு நம்பிக்கை கொடுக்கத் தொடங்கினால் கேட்கிற ஒருவருக்கும் பாதுகாப்பு இல்லை. என்றாலும் அந்த "பிள்ளை" என்ற சொல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை ஒப்படைக்க எனக்கு ஆளில்லை.

மொழிபெயர்ப்பு என்றால் சொல்லுக்குச் சொல் வைப்பது என்று நினைப்பவர்களுக்கு 'ப்ராசஸ்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் காட்டுவேன். முகாமுக்கு அவர்கள் வைத்த பெயரே 'ப்ராசஸிங் சென்டர்'. எப்போது விடுவார்கள் என்று கேட்டால் வரும் பதிலும் அதுதான்: 'த ப்ராசஸ் இஸ் ஒன்கோயிங்'. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'நடவடிக்கை' என்று ஒருமுறை சொன்னேன். "உங்கள் விடயத்தில் நடவடிக்கை நடந்துகொண்டிருக்கிறது." மறுமுனையில் மூச்சு நின்றதுபோல் ஒரு அமைதி. பிறகுதான் எனக்கு உறைத்தது. வடக்கில் வளர்ந்த ஆளுக்கு நடவடிக்கை என்றால் இராணுவ நடவடிக்கை. செல் அடித்து, ஹெலி வந்து, சனம் கோயிலுக்குள் ஓடுவதுதான் நடவடிக்கை. 'விசாரணை' என்று சொல்லவே முடியாது. "விசாரணைக்குக் கொண்டு போனவை" என்று ஒருவர் சொன்னால் அதன் பொருள் அடித்தார்கள் என்பது. அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் வெறும் கேள்வி கேட்டல் என்று பெயர்த்ததால் எத்தனை பேருடைய கோப்பில் சித்திரவதை காணாமல் போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. 'பரிசீலனை' என்றால் கடற்றொழில் செய்த ஆளுக்கு அது வானொலிச் செய்தியில் வரும் சொல்.

கடைசியில் நான் பிடித்துக்கொண்டது 'அலுவல்' என்ற சொல்லை. "உங்கட அலுவல் பாக்கினம்." இது எல்லாருக்கும் விளங்கியது. கேட்டதும் அவர்களுடைய குரல் கொஞ்சம் தணியும். "ஓம், பாக்கட்டும்" என்பார்கள். சில மாதம் போன பிறகுதான் இந்தச் சொல்லின் பிழை தெரிந்தது. அலுவல் பார்க்கிறார்கள் என்றால் எங்கேயோ ஒரு மேசையில் ஓர் ஆள் உட்கார்ந்து, அவருடைய கோப்பைத் திறந்து, அவருக்காக ஓடித் திரிகிறார் என்று பொருள். அப்படி யாரும் இருந்தார்களா? வந்தவர்களைக் காத்திருக்க வைப்பதே திட்டமாக இருந்தது. 2012-இல் முகாமைத் திறந்தபோது அரசு வெளிப்படையாகவே சொன்னது: படகில் வந்தவர், வராமல் வேறு நாட்டு அகதி முகாமில் காத்திருப்பவரைவிட முந்திவிடக் கூடாது. அந்த மற்றவர் எத்தனை வருடம் காத்திருப்பார் என்பதற்கு எண் எதுவும் வைக்கப்படவில்லை. என் தமிழ்ச் சொல் அந்த வெறுமைக்கு ஒரு முகம் வைத்துக் கொடுத்துவிட்டது. ஆங்கிலத்தில் இல்லாத நம்பிக்கை என் தமிழில் இருந்தது. இத்தனை வருடத் தொழிலில் நான் செய்த ஆகப் பெரிய பிழையாக அதைத்தான் நினைக்கிறேன்.

ஊர்ப் பேச்சின் விடயம் வேறு. "ஏலாமக் கிடக்கு" என்றால் உடம்பு சரியில்லை என்பது யாழ்ப்பாணத்தானுக்குத் தெரியும். சென்னையில் வளர்ந்த மொழிபெயர்ப்பாளர் அதை 'முடியாது' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். "இயக்கம்" என்று ஒருவர் சொன்னவுடன் விடுதலைப் புலிகள் என்று பெயர்த்துவிடும் ஆட்கள் உண்டு. எண்பதுகளில் எத்தனை இயக்கம் இருந்தது! எந்த இயக்கம் என்பது சொல்லப்படாதவரை ஆங்கிலத்திலும் அது வெறும் இயக்கமாகவே போக வேண்டும். அந்த ஒரு சொல்லில் ஒரு மனிதனின் பாதுகாப்பு மதிப்பீடு தலைகீழாகும்.

அண்ணன் கணக்கு இன்னும் மோசம். முதல் நேர்காணலில் "எனக்கு மூன்று அண்ணை" என்றவர், இரண்டாவது நேர்காணலில் சகோதரர் எத்தனை பேர் என்று கேட்க "ஒராள்" என்பார். பெரியப்பாவின் பிள்ளைகள் இருவரும் அவருக்கு அண்ணைமார்தான். ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்கள். அதிகாரியின் கண்ணில் அது முரண்பாடு. முரண்பாடு என்றால் நம்பகத்தன்மை இல்லை. நம்பகத்தன்மை இல்லை என்றால் மறுப்பு. தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு என்று குறுக்கிட்டுச் சொல்ல எங்கள் விதியில் இடம் இருக்கிறது. தொடக்கத்தில் அப்படிக் குறுக்கிட எனக்குத் துணிவு இருக்கவில்லை. ஒரு பொடியனின் விடயத்தில் சொல்லாமல் விட்டேன். அது என்னவாயிற்று என்று அறிய எனக்கு வழியில்லை. அழைப்பு முடிந்தால் எங்களுக்கும் அவர்களுக்கும் தொடர்பு முடிந்தது.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 தமிழர்களோடு ஒரு படகு புறப்பட்டது. கிறிஸ்மஸ் தீவை நெருங்கும்போது அதை மறித்து, ஆட்களைச் சுங்கத்துறைக் கப்பல் ஒன்றுக்கு மாற்றி, ஏறத்தாழ ஒரு மாதம் கடலிலேயே வைத்திருந்தார்கள். குழந்தைகள் உட்பட. பிறகு கொக்கோஸ் தீவு, மேற்கு அவுஸ்திரேலியாவின் கர்ட்டின் முகாம், அங்கிருந்து ஓகஸ்ட் தொடக்கத்தில் நவுறு. அந்தக் கடல் தடுப்பு சட்டப்படி சரியானதே என்று 2015 ஜனவரியில் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம்.

அந்தக் காலத்துக்குப் பிறகு நவுறு அழைப்புகளில் எனக்குப் புதிதாக ஒரு தமிழ் கேட்கத் தொடங்கியது. தாய் "கதைக்கினம்" என்பார், பக்கத்தில் நின்ற பிள்ளை "பேசுறாங்கம்மா" என்று திருத்தும். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். எந்த நாட்டுப் பிரசை என்று கேட்டால் பிள்ளைக்குப் பதில் தெரியாது. பிறந்தது இந்தியாவில், ஆனால் இந்தியப் பிரசை அல்ல. இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. இப்போது இருப்பது நவுறுவில். அப்படியொரு பிள்ளையிடம் ஊர் எது என்று தாதி கேட்க, அது தன் முகாமின் பெயரையும் அதிலிருந்த வீட்டு எண்ணையும் சொன்னது. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். தாதி, அது எந்த நாட்டு ஊர் என்று கேட்டார்.

கிளினிக் அழைப்புகள்தான் எண்ணிக்கையில் அதிகம். பல்வலி, வயிற்றுக் குத்து, தோல் வியாதி. கேட்ட எல்லாவற்றுக்கும் பனடோலும் தண்ணீரும்தான் என்று அவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஒருவர், "நெஞ்சுக்குள்ள கல்லு வச்சமாதிரிக் கிடக்கு" என்றார். அப்படியே சொன்னேன். தாதி பதறிப்போய் இடது கையில் வலி உண்டா, வேர்க்கிறதா என்று இருதயக் கேள்விகளை வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவர் இல்லை என்றார். அந்த முறை நான் குறுக்கிட்டேன். "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்: தமிழில் இந்த வாசகம் துயரத்துக்கும் வரும், அவரிடமே கேட்டுத் தெளிவுபடுத்தலாம்." தாதி கேட்டார். மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கன நேரம் கேட்டது. பிறகு அவர் சொன்னார், "அம்மா செத்துப் பதினொரு நாள். இண்டைக்கு வீட்டில சடங்கு." அந்தத் தாதி நல்ல மனுசி. எழுதுவதை நிறுத்திவிட்டு, அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டார். அவர் சொன்னார். நானும் சொன்னேன். அந்த அழைப்பில் உச்சரிக்கப்பட்ட ஒரே பெயர் அதுதான்.

அந்த அழைப்பை வைத்து நான்கு நிமிடத்தில் அடுத்த அழைப்பு. சிட்னியில் ஓர் அம்மாவுக்கு மின்சாரக் கட்டணம் கூடி வந்திருந்தது. அது அவருக்குப் பெரிய கவலை. அவருக்கும் "எனக்கு" என்று தன்மையில் பேசினேன். எங்களை அமர்த்திய நிறுவனத்திடம், இப்படியான அழைப்புக்குப் பிறகு பத்து நிமிடம் இடைவெளி தர முடியுமா என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்து வைத்துக்கொள்ளலாம், அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்றார்கள்.

இதையெல்லாம் வெளியில் சொல்லவும் முடியாத காலம் இருந்தது. 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்த எல்லைப் படைச் சட்டம், முகாம்களில் வேலை செய்தவர்கள் தாங்கள் கண்டதை அனுமதியின்றி வெளியிட்டால் இரண்டு வருடச் சிறை என்றது. வைத்தியர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2016-இல் வைத்தியத் துறையினருக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதே வருடம் நவுறு முகாமின் உள் அறிக்கைகள் இரண்டாயிரத்துக்கு மேல் ஒரு பத்திரிகை வழியாக வெளிவந்தன. அவற்றை வாசித்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. அந்த அறிக்கைகளின் ஆங்கிலம் எனக்குப் பழக்கமானது. என்னைப் போல யாரோ ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியது.

மனுஸ் தீவின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 பெப்ரவரியில் முகாமுக்குள் நடந்த தாக்குதலில் ரேசா பராட்டி என்ற ஈரானிய இளைஞர் கொல்லப்பட்டார். அதே வருடம் செப்டெம்பரில் ஹமீத் கசாயி என்பவர் காலில் வந்த தொற்றுக்கு நேரத்துக்கு வைத்தியம் கிடைக்காமல் இறந்தார். அது தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று 2018-இல் குயின்ஸ்லாந்தின் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அங்கே ஆட்களை அடைத்து வைத்ததே சட்டவிரோதம் என்று 2016 ஏப்ரலில் பப்புவா நியூகினி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-இல் அவுஸ்திரேலிய அரசும் ஒப்பந்த நிறுவனங்களும், பிழையை ஒத்துக்கொள்ளாமலே, 1,905 பேருக்கு 7 கோடி டொலர் நட்டஈடு கொடுக்கச் சம்மதித்தன. அந்த ஒக்டோபரில் ஒரு தமிழ் அகதி அங்கேயே வைத்தியசாலையில் இறந்தார். அந்த வாரம் என் வரிசையில் நின்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ஒருவரையொருவர் அழைத்துக் கேட்டது ஒன்றுதான்: "உங்களோட கதைச்ச ஆளா?" யாருக்கும் தெரியவில்லை. எங்களிடம் இருந்தது எழுத்துகளும் எண்களும்.

2018-இல் நவுறுவில் பிள்ளைகள் சாப்பிடுவதையும் பேசுவதையும் நிறுத்தத் தொடங்கினார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த அழைப்பில் வேலை இருக்காது. தாதி கேட்பார், நான் தமிழில் கேட்பேன், பதில் வராது. "தங்கம், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று தாய் கேட்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வேன். அந்த ஒக்டோபரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பை நவுறு அரசு வெளியேற்றியது. 2019 பெப்ரவரியில்தான் கடைசிப் பிள்ளைகள் தீவை விட்டுப் போனார்கள். கடைசி அகதி போனது 2023 ஜூனில். அதே வருடம் செப்டெம்பரில் புதிய ஆட்களைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

வைத்தியத்துக்கென்று அந்தத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். தற்காலிக விசாவில் வேலை செய்கிறார்கள், வரி கட்டுகிறார்கள். 2023 பெப்ரவரியில் வேறு தற்காலிக விசாக்களில் இருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தபோது இவர்களைச் சேர்க்கவில்லை. 2013 ஜூலையில் நான் தமிழில் வாசித்துச் சொன்ன வசனம் இவர்கள் மேல் இன்னும் அப்படியே நிற்கிறது. அதை மாற்ற வேண்டும். இவ்வளவு வதைத்த பிறகும் ஒரு நாடு அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அநியாயம்.

மெல்போர்னிலோ சிட்னியிலோ இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் உங்கள் கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கிறார்கள், உங்கள் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வருகிறார்கள். "விசா எப்ப கிடைக்கும்?" என்று அவர்களிடம் கேட்காதீர்கள். பதில் சொல்ல முடியாதவர்களிடம் அந்தக் கேள்வி வேண்டாம். அவர்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதத்தை உங்கள் பிள்ளைகளைக் கொண்டு வாசித்துச் சொல்லுங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது மட்டும் பிள்ளைகளை மொழிபெயர்க்க விடவேண்டாம். அங்கே சொல்லப்படுவது பிள்ளைகள் சுமக்கக் கூடியதல்ல. பொது வைத்தியசாலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது அவர்களுடைய உரிமை, அதற்குக் காசில்லை. தொலைபேசியில் வேண்டுமென்றால் 131 450. இரவு பகல் எந்நேரமும் ஆள் இருக்கும்.